சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரி மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

"சார்ஜ் நிற்கவே மாட்டேங்குது" என்ற ஒரே வாக்கியத்தை மூன்று வேறு வேறு கோளாறுகளுக்குச் சொல்கிறோம். ஒன்று, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, போன் அதிகம் தின்கிறது. இரண்டு, போன் அளவாகத்தான் தின்கிறது, பேட்டரிக்கு வயதாகிக் கொள்ளளவு குறைந்துவிட்டது. மூன்று, இரண்டும் சரி, சார்ஜ் ஏறும் வழியில் எங்கோ தடை. இதில் இரண்டாவதற்கு மட்டும்தான் புது பேட்டரி மருந்து. ஆனால் மூன்றுக்குமே பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். பணம் கொடுத்துப் புதிது போட்ட பிறகும் அதே கதை தொடரும்போது வெறுத்துப்போய் போனையே மாற்றுகிறவர்களும் உண்டு. என் மேசைக்கு வரும் போன்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. வீட்டிலேயே இரண்டு மூன்று இரவுகள் பொறுமையாகச் சோதித்தால் எந்த வகைக் கோளாறு என்று யாராலும் கண்டுபிடித்துவிட முடியும்.

உங்கள் போனில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆண்ட்ராய்டு போனை வைத்தே எழுதியிருக்கிறேன். ஐபோனுக்கு மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். மெனுக்களின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

## பின்மூடி தூக்குகிறது, டிஸ்ப்ளே ஓரம் விரிகிறது

இது இருந்தால் மற்றதை அப்புறம் படிக்கலாம், முதலில் போனை அணைத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி உறையைத் தள்ளுகிறது. சந்தேகமாக இருந்தால் கவரைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்கேலை போனின் முதுகில் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் மேடாகி ஸ்கேல் இரண்டு பக்கமும் ஆடினால் உப்பல்தான். திரையின் மேலும் இப்படியே வைத்துப் பார்க்கலாம்.

உப்பிய பேட்டரிக்குச் சார்ஜ் போடக் கூடாது. மூடியை அமுக்கி ஒட்டக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே நேர்மின்வாய்க்கும் எதிர்மின்வாய்க்கும் நடுவில் இருப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள்தான். அது கிழிந்தால் இரண்டும் உரசித் தீப்பிடிக்கும். கடைக்குப் போகும்வரை துணி, காகிதம், மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெறும் தரையில் வையுங்கள். இதற்கு வேறு சோதனை எதுவும் வேண்டாம், பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய கணக்கு

பேட்டரியின் உடல்நிலை எப்படி என்று தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்ய முடியாது. ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில் சதவீதமாகவே காட்டும். ஐபோன் 15 முதல் எத்தனை சுற்று சார்ஜ் ஆகியிருக்கிறது என்பதும் தெரியும். சாம்சங்கில் அவர்களுடைய மெம்பர்ஸ் ஆப்பில் பரிசோதனைப் பகுதி இருக்கிறது. அது பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். மற்ற போன்களில், உள்ளே போகும் மின்சாரத்தைக் கணக்கிடும் ஆப் ஒன்றைப் போட்டு, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

வழி சுலபம். சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியதும் சார்ஜரைச் செருகி, நடுவில் எடுக்காமல் 80 வரை ஏற்றுங்கள். ஏறியது 60 சதவீதம். அந்த நேரத்தில் 2,400 மில்லி ஆம்பியர் மணி (mAh) உள்ளே போனதாக ஆப் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,400-ஐ 0.6-ஆல் வகுத்தால் 4,000. பெட்டியில் 5,000 என்று போட்டிருந்தால் உங்கள் பேட்டரியில் மிச்சம் இருப்பது 80 சதவீதம். ஒரே ஒரு முறை எடுத்த கணக்கை நம்ப வேண்டாம், சில நாள் எடுத்துச் சராசரி பாருங்கள்.

80-க்கு மேல் இருந்தால் பேட்டரியைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். 80-க்குக் கீழே போயிருந்தால் அதற்கு வயதாகிவிட்டது. இந்த 80-தான் உலகம் முழுக்க அளவுகோல். ஐபோன் 14 வரையிலான போன்களில் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் மிஞ்சும்படி செய்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதத்தைத் தாங்க வேண்டும் என்பது சட்டம்.

ஒரு சுற்று என்றால் ஒரு முறை செருகி எடுப்பது இல்லை. மொத்தமாக நூறு சதவீதம் செலவானால்தான் ஒரு சுற்று. இன்றைக்கு ஐம்பது, நாளைக்கு ஐம்பது என்றால் இரண்டு நாளைக்குச் சேர்த்து ஒன்று. அதனால் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போட்டால் பேட்டரி கெடும் என்ற பயம் தேவையில்லை. தினம் இரண்டு முழுச் சுற்று ஓட்டும் ஒரு டெலிவரி தம்பியின் போன் ஒன்பது மாதத்துக்குள் 500-ஐத் தாண்டிவிடும் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. அவர் போன் ஒரு வருடத்தில் தளர்ந்தால் அது ஏமாற்று வேலை இல்லை, உழைத்த உழைப்பு.

## பகலில் வேகமாக இறங்குகிறது

செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாடு என்ற பக்கத்தைத் திறங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஆப் மேலே இருக்கிறது என்பதை அல்ல, திரை மொத்தம் எவ்வளவு நேரம் எரிந்திருக்கிறது என்பதை. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி உள்ள போனில் ஆறு ஏழு மணி நேரம் திரை எரிந்து சார்ஜ் தீர்ந்தால் போனிலும் குறை இல்லை, பேட்டரியிலும் குறை இல்லை. "நான் போனே தொடல" என்பவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள். ரீல்ஸ் அப்படித்தான் நேரத்தைத் தின்னும். ஒவ்வொரு வீடியோவையும் இறக்கி, பிரித்து, காட்டிவிட்டு அடுத்ததையும் முன்கூட்டியே இறக்கி வைக்கிறது. திரை, நெட், பிராசசர் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அதே நேரத்துக்குப் பாட்டு மட்டும் கேட்டால் செலவு சொற்பம்.

திரை இரண்டு மூன்று மணி நேரம்தான் எரிந்திருக்கிறது, ஆனாலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றால்தான் துப்பறிய வேண்டும். வெளிச்சம் முழுதாக வைத்திருக்கிறீர்களா, தானாக மாறும்படி வைத்திருக்கிறீர்களா பாருங்கள். வெயிலில் நிற்கும்போது திரை தன் உச்ச வெளிச்சத்துக்குப் போகும். வீட்டுக்குள் வந்ததும் அது இறங்க வேண்டும். திரை 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பித்து ஓடினால் 60-க்கு மாற்றி ஒரு நாள் பார்க்கலாம்.

டார்க் மோடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஓஎல்இடி, அமோலெட் திரை என்றால் உதவும், ஏனென்றால் கறுப்பு இருக்கும் இடத்தில் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கிறது. சாதாரண எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எப்போதும் எரிவதால் பலன் இல்லை. ஓஎல்இடியிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-ல் அளந்து பார்த்ததில், வெளிச்சம் 30 முதல் 50 சதவீதம் இருக்கும்போது சராசரி மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில்தான் 39 முதல் 47 வரை போகிறது. நம்மில் பலர் வீட்டுக்குள் முழு வெளிச்சத்தில் வைப்பதில்லை. ஆக, வெளிச்சத்தைக் குறைப்பது முதல் மருந்து, டார்க் மோடு அதற்கு அடுத்தது.

ப்ளூடூத்தை அணைப்பது, ஓடிய ஆப்களையெல்லாம் தள்ளித் தள்ளி மூடுவது இரண்டிலும் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மூடிய ஆப்பை மறுபடி திறக்கும்போது அது முதலில் இருந்து ஏற வேண்டியிருப்பதால் செலவு கூடத்தான் செய்யும். உறைந்து நிற்கும் ஆப்பை மட்டும் மூடினால் போதும்.

## இரவில் சும்மா கிடந்தாலும் இறங்குகிறது

பேட்டரி பற்றி உண்மையைச் சொல்வது இந்த அறிகுறிதான். பகலில் நாம் என்ன செய்தோம் என்பது நமக்கே நினைவிருக்காது. இரவில் போன் தனியாக இருக்கிறது, அப்போது குறைவது எல்லாம் அதன் சொந்தச் செலவு.

படுக்கப் போகும்போது சதவீதத்தைக் குறித்துவைத்து, சார்ஜ் போடாமல், காலையில் மறுபடி பாருங்கள். எட்டு மணி நேரத்தில் ஐந்து முதல் எட்டு சதவீதம் போனால் பரவாயில்லை. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் மணிக்கு ஒரு சதவீதம் என்பது சராசரியாக 50 மில்லி ஆம்பியர். நெட் ஆனில் இருக்கும் போனுக்கு அது நியாயமான செலவு. பதினைந்து சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருக்கிறது.

அடுத்த இரவு ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைத்துவிட்டுப் படுங்கள். அழைப்பு வராது, அதனால் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாத நாளாகப் பார்த்துச் செய்யாதீர்கள். அலாரம் வழக்கம்போல அடிக்கும். காலையில் இரண்டு மூன்று சதவீதம்தான் குறைந்திருந்தால் பேட்டரி குற்றமற்றது. திருடன் நெட்வொர்க்கில் இருக்கிறான், அல்லது நெட்வொர்க்கை வைத்து வேலை செய்யும் ஏதோ ஓர் ஆப்பில்.

இரண்டில் எது என்று பார்க்க மூன்றாவது இரவு ஏரோப்ளேன் மோடிலேயே வைத்து, வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். இப்போது சார்ஜ் நின்றால் கோளாறு டவரில். அடுத்த தலைப்புக்குப் போங்கள். இப்போதும் இறங்கினால் ஏதோ ஓர் ஆப் இரவெல்லாம் நெட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

ஆப் என்று தெரிந்தால் தேட வேண்டிய இடங்கள் சில உண்டு. இருப்பிட அனுமதி "எப்போதும்" என்று கொடுத்த ஆப்கள் எவை என்று பாருங்கள். சாப்பாடு, டாக்சி, ஷாப்பிங் ஆப்களுக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதே தாராளம். போட்டோவும் வாட்ஸ்அப்பும் இரவில் பேக்கப் எடுக்கும். நெட் மெதுவாக இருந்தால் முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். பூட்டுத் திரையில் தினம் ஒரு படமும் செய்தியும் காட்டும் சேவை பல குறைந்த விலை போன்களில் கம்பெனியிலிருந்தே ஏற்றப்பட்டு வருகிறது, அதை அணைத்துவிடுங்கள். விளம்பரத்தைத் தடுக்கும் விபிஎன், ரேம் சுத்தம் செய்யும் ஆப், பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் ஆப் இவையெல்லாம் இருந்தால் நீக்குங்கள். போனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அதைத் தூங்க விடாமல் செய்பவை இவை. ஆண்ட்ராய்டில் 2015-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்தே, அசையாமல் கிடக்கும் போனைத் தூங்க வைக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும்.

பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலில் மேலே கூகுள் ப்ளே சேவைகள் நின்றால் அதை நீக்க முயல வேண்டாம். ஏதோ ஒரு கணக்கின் ஒத்திசைவு (சிங்க்) சிக்கியிருக்கும். பயன்படுத்தாத பழைய ஜிமெயில் கணக்குகளைப் போனிலிருந்து எடுத்துவிட்டு ஓர் இரவு பாருங்கள்.

சந்தேகப்படும் ஆப்புக்கு பேட்டரி அமைப்பில் "கட்டுப்படுத்தப்பட்டது" என்று வைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்புக்கும், அலாரத்துக்கும், சர்க்கரை அளவோ மருந்து நேரமோ நினைவூட்டும் ஆப்களுக்கும் அப்படி வைக்கக் கூடாது. வர வேண்டிய செய்தி வராமல் போகும்.

யார் என்றே தெரியவில்லையா? சேஃப் மோடில் ஓர் இரவு ஓட்டுங்கள். போனை அணைக்கப் போகும்போது திரையில் பவர் ஆஃப் என்று வரும் பட்டனை நீளமாக அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அந்த வாய்ப்பு வரும். நாம் ஏற்றிய ஆப் எதுவும் அதில் ஓடாது. சேஃப் மோடு, ஏரோப்ளேன் மோடு இரண்டும் சேர்ந்தும் இருபது சதவீதம் இறங்கினால் ஒன்று பேட்டரி போய்விட்டது, இல்லை போர்டில் எங்கோ மின்கசிவு. மழையில் நனைந்த, தண்ணீரில் விழுந்து பிழைத்த போன்களில் இந்தக் கசிவு சகஜம். அப்போது சர்வீஸ் கடைதான் வழி, அங்கேயும் "போர்டைப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

## வீட்டில் மட்டும் இறங்குகிறது, வெளியே சரியாக இருக்கிறது

எங்கள் தெருவில் ஓர் அக்கா, "ஆபீஸ்ல நல்லாத்தான் நிக்குது தம்பி, வீட்டுக்கு வந்தாத்தான் இப்படி" என்று போனைக் கொடுத்தார். அந்த ஒரு வரியிலேயே விஷயம் முடிந்துவிட்டது. போனைத் திறக்கவே தேவைப்படவில்லை. அவர் வீடு கான்கிரீட் மாடிகளுக்குக் கீழே, தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத நடு அறை. முதல் சிம்மில் ஒரு கோடு டவர். இரண்டாவது சிம்மில் அதுவும் இல்லை. வங்கிக்காக வைத்திருந்த பழைய நம்பர்.

டவர் தூரமாகவோ மறைந்தோ இருந்தால் போன் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. 4ஜி போன் ஒன்று அதிகபட்சமாக 200 மில்லிவாட் சக்தியோடு அலையை அனுப்பலாம். டவர் அருகில் இருந்தால் அதில் மிகச் சிறிய பங்கே போதும், மூலை அறையில் இருந்தால் உச்சத்துக்கே போகும். அந்த அலையை உண்டாக்கும் பகுதிக்கு அதைப் போலப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். டவரே கிடைக்காத சிம் இன்னும் மோசம், விட்டு விட்டுத் தேடிக்கொண்டே இருக்கும்.

செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். அதில் சிக்னல் ஓர் எதிர்ம எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டினால் பலவீனம், மைனஸ் 120 என்றால் போராட்டம். அறைக்கு அறை நடந்து பாருங்கள், நாலடி தள்ளி வைத்தாலே பத்துப் புள்ளி மாறும்.

அக்காவுக்கு மூன்று மாற்றம் செய்து கொடுத்தேன். இரண்டாவது சிம்மை வீட்டில் இருக்கும்போது செட்டிங்ஸிலேயே அணைத்து வைப்பது, ஓடிபி வேண்டும்போது மட்டும் ஆன் செய்வது. வைஃபை காலிங்கை ஆன் செய்வது. ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் இது இருக்கிறது, வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு போகும். 5ஜி வந்து வந்து போகும் இடம் என்பதால் நெட்வொர்க்கை 4ஜியில் நிறுத்தி வைப்பது. இந்த மூன்றாவது எல்லோருக்கும் பொருந்தாது. 5ஜி திடமாகக் கிடைக்கும் இடத்தில் அதை அணைப்பதால் பெரிய லாபம் இல்லை, தாவித் தாவி மாறும் இடத்தில்தான் செலவு.

ரயிலில் ஊருக்குப் போகும்போது சார்ஜ் பறப்பதும் இதனால்தான். இரவு பெட்டியில் படுத்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் காலையில் இறங்கும்போது வீட்டுக்கு அழைக்கச் சார்ஜ் இருக்கும்.

## முப்பது நாற்பது சதவீதத்தில் திடீரென்று அணைகிறது

இது பெரும்பாலும் உண்மையான பேட்டரிக் கோளாறு. குறிப்பாகக் கேமராவைத் திறக்கும்போது, ஃப்ளாஷ் அடிக்கும்போது, வீடியோ அழைப்பு வரும்போது அணைந்தால் சந்தேகமே வேண்டாம்.

பேட்டரிக்கு வயதாகும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, மின்சாரம் வெளியே வருவதைத் தடுக்கும் அதன் உள்தடையும் கூடுகிறது. உள்தடை 0.3 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேமரா திறக்கும் நொடியில் போன் 2 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். 3.7 வோல்ட் காட்டிய பேட்டரி அந்தக் கணத்தில் 3.1-தான் கொடுக்கும். அது போதாமல் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகி ஆன் செய்தால் மறுபடி முப்பது என்றே காட்டும், ஏனென்றால் மின்சாரம் உள்ளே உண்மையாகவே இருக்கிறது, வேகமாக வெளியே வரத்தான் முடியவில்லை.

2017 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1 இந்தத் திடீர் அணைவைத் தடுக்கத்தான் பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. பயனாளர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. டிசம்பரில் வெளியே தெரிந்து பெரிய கோபம் கிளம்ப, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. 2018-ல் வந்த ஐஓஎஸ் 11.3-ல்தான் பேட்டரி ஹெல்த் பக்கம் வந்தது. புது பேட்டரி போட்டதும் அந்தப் போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின. அதனால் பழைய ஐபோன் மந்தமாகிவிட்டது என்றால் அதை விற்பதற்கு முன் பேட்டரி ஹெல்த்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அணையவில்லை, சதவீதம் மட்டும் 40-லிருந்து 25-க்குத் தாவுகிறது, அல்லது ஒரு சதவீதத்திலேயே அரை மணி நேரம் ஓடுகிறது என்றால் அது கணக்குப் பிழையாக இருக்கலாம். ஒரே ஒரு முறை போன் தானாக அணையும்வரை ஓட்டி, பிறகு அணைந்த நிலையிலேயே 100 வரை ஏற்றுங்கள். சதவீதத்தைக் கணக்கிடும் அளவி தன்னைத் திருத்திக்கொள்ளும். இதை மாதாமாதம் செய்ய வேண்டாம். பேட்டரியை முழுதாகக் காலி செய்து ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் கேட்மியம் பேட்டரிகளுக்கான பழக்கம். லித்தியத்துக்கு அது கெடுதல்தான்.

## கை வைக்க முடியாதபடி சூடாகிறது

நம் ஊர் பேட்டரிகளைக் கொல்வது சூடுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓராண்டு சும்மா வைத்திருந்தால், 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு இருந்த லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 65. வேலூரிலும் திருத்தணியிலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. காரின் டாஷ்போர்டில் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பநிலையே 0 முதல் 35 வரைதான்.

எப்போது சூடாகிறது என்று பிரித்துப் பாருங்கள். விளையாடும்போதும் நீண்ட வீடியோ அழைப்பின்போதும் வெதுவெதுப்பானால் இயல்பு. சார்ஜ் ஏறும்போது லேசான சூடும் இயல்பு. இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் கூடாது. பிள்ளைகள் சார்ஜரில் மாட்டிக்கொண்டே கேம் ஆடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எதுவும் செய்யாமல் சட்டைப் பையில் இருக்கும்போதே சுட்டால் மேலே சொன்ன இரவுச் சோதனையைச் செய்ய வேண்டும்.

பைக் ஹேண்டிலில் போனை மாட்டி ஓட்டும் டெலிவரி தம்பிகளின் போனில் எல்லாக் கெடுதலும் ஒன்றாகச் சேர்கிறது: நேர் வெயில், முழு வெளிச்சம், ஜிபிஎஸ், நெட், கூடவே பைக்கின் யூஎஸ்பியில் சார்ஜ். அந்த யூஎஸ்பி பல பைக்குகளில் 5 வோல்ட் 1 ஆம்பியர், அதாவது 5 வாட்தான். முழு வெளிச்சத்தில் மேப் ஓடும் போன் மூன்று நான்கு வாட்டைத் தின்றுவிடும். நாளெல்லாம் செருகியிருந்தும் சதவீதம் ஏறாததற்கு அதுதான் காரணம், ஆனால் சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வழி தெரிந்த தெருவில் திரையை அணைத்து, காதில் குரல் வழிகாட்டலை மட்டும் கேளுங்கள். தடிமனான ரப்பர் கவரைக் கழற்றுங்கள். ஓடிக்கொண்டே ஏற்றுவதைவிட டீ குடிக்கும்போது நிழலில் பவர் பேங்கில் பதினைந்து நிமிடம் ஏற்றுவது பலன் தரும். சுட்ட போனைக் குளிர்ந்த தண்ணீரிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்காதீர்கள், உள்ளே நீர் பூத்துவிடும்.

இரவெல்லாம் சார்ஜரில் விட்டால் வெடிக்காது, போன் நூறில் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் தலையணைக்கு அடியில் வைத்தால் சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்து பேட்டரியை வயதாக்கும். 80-ல் நிறுத்தும் வசதி இப்போது சாம்சங், பிக்சல் போன்கள் பலவற்றிலும் ஐபோன் 15 முதலானவற்றிலும் இருக்கிறது. நாள் முழுக்கச் சார்ஜர் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு அது நல்லது. காலையில் கிளம்பினால் இரவுதான் வீடு என்பவர்கள் நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பேட்டரி நமக்கு உழைக்கத்தான் இருக்கிறது.

## சார்ஜ் ஏற மாட்டேங்குது, அல்லது மெதுவாக ஏறுகிறது

பேட்டரியைத் தொடுவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் சார்ஜிங் பின்னை, அதாவது கேபிள் செருகும் துளையைப் பாருங்கள். கேபிள் "டக்" என்று உள்ளே உட்கார்கிறதா? கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு, தொட்டால் விழுகிறதென்றால் உள்ளே பஞ்சு. சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் இருக்கும் நூல் பிசிறு உள்ளே போய், ஒவ்வொரு முறை செருகும்போதும் அமுங்கி அமுங்கிக் கெட்டியான ஒரு தட்டாக அடியில் படிந்துவிடும். போனை அணைத்துவிட்டு, மர டூத்பிக்கின் முனையை ஓரத்தில் விட்டு, நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கைத் தொடாமல் மெதுவாக நெம்புங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு அடை அப்படியே வரும். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். இதற்குப் பணம் வாங்கவே எனக்கு மனம் வருவதில்லை.

சார்ஜிங் பின் சுத்தம் என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் அடாப்டர். 33 வாட், 67 வாட் என்று விற்கும் போன்களில் பலவற்றின் வேகம் அந்தந்தக் கம்பெனி அடாப்டரோடும் கேபிளோடும் மட்டும்தான் கிடைக்கும். சாதாரண 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் 10 வாட். அதில் 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி நிறைய இரண்டரை மணி நேரமாவது ஆகும். கம்ப்யூட்டரின் பழைய யூஎஸ்பி துளையில் 2.5 வாட்தான், இரவு முழுக்க வேண்டும். 80-க்கு மேல் மெதுவாவது கோளாறு இல்லை, எல்லா லித்தியம் பேட்டரிக்கும் கடைசிப் பகுதியை அப்படித்தான் ஏற்றுவார்கள். போன் சூடாக இருந்தாலும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மூன்றும் சரி, ஆனாலும் கேபிளை ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால்தான் ஏறுகிறதென்றால் பின் தளர்ந்திருக்கிறது. பல போன்களில் பின் ஒரு சிறிய தனி போர்டில் இருக்கிறது, அதை மட்டும் மாற்றலாம்.

## அப்டேட் போட்டதிலிருந்து இறங்குகிறது

இரண்டு மூன்று நாள் பொறுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு ஆப்களை எல்லாம் போன் மறுபடி ஒழுங்கு செய்யும், போட்டோக்களை மறுபடி வகைப்படுத்தும். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் எல்லா ஆப்களையும் புதுப்பித்து, ஒரு முறை அணைத்துப் போட்டு, இரவுச் சோதனையைத் தொடங்குங்கள்.

## மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால்

கொள்ளளவு 80-க்குக் கீழே, அல்லது திடீர் அணைவு, அல்லது உப்பல்: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மாற்றுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலையை முதலில் கேளுங்கள். பலர் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இருக்காது. வெளிக்கடை என்றால் போனைத் திறப்பதற்கு முன் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். உங்கள் பழைய பேட்டரியில் 5,000 என்று இருக்கும்போது அதே அளவுள்ள புதிதில் 6,500 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். ஒரே இடத்துக்குள் அவ்வளவு கூடுதலாக அடைக்க முடியாது. தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கடை அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த பேட்டரி புதியதே இல்லை.

இதில் கண்டிப்பாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்றது. 2017 ஜனவரியில் அவர்களே சொன்ன காரணம், ஒரு பேட்டரி வகையின் மேல் மூலையில் மின்வாய் வளைந்திருந்தது, இன்னொன்றில் பற்றவைப்பில் பிசிறு. அத்தனை சோதனை உள்ள இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், பெயர் தெரியாத காப்பி பேட்டரியில் யார் சோதித்திருக்கிறார்கள்?

பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது, அதனால் சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிடலாம்.

புதிது போட்டதும் எட்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொன்னால் வேண்டாம், நூறு காட்டியதும் எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் சதவீதம் கொஞ்சம் தாறுமாறாகக் காட்டலாம், அளவி புது பேட்டரியைப் பழகிக்கொள்கிறது. ஒரு வாரம் கழித்து 20-லிருந்து 80 வரை ஏற்றும் அந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். பெட்டியில் போட்ட அளவில் 90 சதவீதம்கூட வரவில்லை என்றால், கடை கொடுத்த கேரண்டி முடிவதற்குள் அந்தக் கணக்கோடு திரும்பப் போய்க் கேளுங்கள்.